டிவிடி பிளேயர்ல பாடுது, அப்பாட குட்டிப் பிளேயர்ல "நோ டிஸ்க்" எண்டுது. சீடி பழுதா?

படுவான்கரைப்_பெடியன் | வெள்ளி இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். அலுமாரி ஒதுக்கக்குள்ள அப்பாட பழைய கையடக்க சீடி பிளேயர் அம்பிட்டுது. 98ல கட்டார்ல இருந்து வரக்குள்ள கொண்டு வந்தவர். பெனியன் துணியில சுத்தி வச்சிருந்தபடியா ஒரு கீறல் இல்ல. ரெண்டு சின்னப் பற்றரி போட்டன், உயிர் வந்திட்டு. கூடக் கிடந்த பக்திப் பாட்டு சீடி (கடையில வாங்கினது) நல்லாப் பாடுது.

பிரச்சினை மற்றச் சீடி. எங்கட மாமா வடமோடிக் கூத்து ஆடினத ஊர்ல ஒருத்தர் நாலு கசெட்ல பதிஞ்சு தந்தவர். அத 2003ல டவுண்ல ஒரு இடத்தில குடுத்து சீடியாக்கி எடுத்தம். மாமா இப்ப இல்ல. அந்தச் சீடிய ஹோல்ல இருக்கிற டிவிடி பிளேயர்ல போட்டா ஒரு பிரச்சினையும் இல்லாமப் பாடுது. குட்டிப் பிளேயர்ல போட்டா மூணு நாலு தரம் சுத்திப்போட்டு "நோ டிஸ்க்" எண்டு காட்டிட்டு நிண்டிருது.

அம்மாக்கு காது கொஞ்சம் மந்தம். டிவிக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்கச் சொன்னா "நான் என்ன செய்தி வாசிக்கவா" எண்டு கேக்கிறா. காதில மாட்டிக்கிட்டு திண்ணையில பாயில சரிஞ்சு கிடந்து கேக்கணுமாம். என்ன செய்யலாம்?

கல்லடிப்_பாலம் | வெள்ளி இரவு 9.05

லென்ஸ்ல தூசு பிடிச்சிருக்கும். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. சீடில கீறல் இருந்தா பற்பசை போட்டு வட்டமாத் தேய்ங்க, எங்கட பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான் செய்யிறவர்.

கல்முனை_மெக்கானிக் | வெள்ளி இரவு 9.31

பற்பசைய பல்லுக்கே வச்சிருங்க, பாலம் தம்பி. வட்டமாத் தேய்க்கிறதுதான் சீடிக்குச் செய்யிற ஆகப் பெரிய அநியாயம். சுருள் வட்டமாப் போகுது, நீங்களும் வட்டமாத் தேய்ச்சா உங்கட கீறல் அந்தச் சுருளோடயே நீளத்துக்குப் போகும். துடைக்கிறதெண்டா நடு ஓட்டையில இருந்து விளிம்புக்கு நேரா இழுக்கணும், வண்டிச் சில்லுட ஆரக்கால் மாதிரி.

படுவான்கரைத் தம்பிக்கு: கடைச் சீடி பாடுதெண்டா லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. அதத் தொடாதீங்க. ரெண்டு விசயம் பார்த்துச் சொல்லுங்க.

மாமாட சீடிய லைட்டுக்கு நேர சரிச்சுப் பிடிச்சு அடிப்பக்கத்தப் பாருங்க. எழுதின இடமும் எழுதாத இடமும் ரெண்டு நிறமாத் தெரியும். எழுதின வளையம் எவ்வளவு அகலம்?

மறுகா, அத ஒரு கொம்பியூட்டர்ல போட்டு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாருங்க. பாட்ட ஓட விடாதீங்க, பேர மட்டும் பாருங்க.

படுவான்கரைப்_பெடியன் | சனி காலை 10.15

அண்ணன், பார்த்தன். நடுவில இருந்து ஒரு விரல் அகலத்துக்குத்தான் நிறம் மாறியிருக்கு. அதுக்கு வெளிய எல்லாம் வெறுமை. நான் முதல்ல அத அழுக்கெண்டு நினைச்சன்.

மருமகன்ட மடிக்கணினியில போட்டம். 38 ஃபைல். எல்லாத்துட வாலிலயும் எம்பி3 எண்டு இருக்கு. கூட்டிப் பார்த்தா 3 மணித்தியாலம் 40 நிமிசம் வருது.

கல்முனை_மெக்கானிக் | சனி பகல் 1.20

அப்ப சீடியும் பழுதில்ல, பிளேயரும் பழுதில்ல. ரெண்டுக்கும் பாசை வேற.

கடையில வாங்கின பாட்டுச் சீடி, 1980ல சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து எழுதின விதிப்படி செய்தது. அதுக்குள்ள ஃபைல் எண்ட சாமானே கிடையாது. சத்தத்த ஒரு செக்கனுக்கு 44,100 தரம் அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்ல, இடக் காதுக்கு ஒண்டு வலக் காதுக்கு ஒண்டா வரிசையா எழுதிக்கிட்டே போற. நடுவில தொடங்கி விளிம்பு வரைக்கும் ஒரே கோடு. உள் ஓரத்தில ஒரு சின்னப் பட்டியல் இருக்கும், முதலாவது பாட்டு எத்தனையாவது நிமிசத்தில, ரெண்டாவது எங்க எண்டு. பிளேயருக்கு இருக்கிற ஒரே வேலை, வாற எண்கள வந்த ஒழுங்கிலயே சத்தமாக்கிற. யோசிக்கத் தேவையில்ல.

உங்கட மாமாட சீடியில இருக்கிறது பாட்டு இல்ல, ஃபைல். கொம்பியூட்டர்ல இருந்து அப்படியே தூக்கிப் போட்டிருக்காங்க. அதப் பாட வைக்க பிளேயருக்குள்ள ஒரு சின்ன மூளை வேணும்: ஃபோல்டர் எது ஃபைல் எது எண்டு தேடணும், சுருக்கினத விரிக்கணும், அதுக்குப் பிறகுதான் சத்தம். புள்ளி எம்பி3 எண்டு அந்த ஃபைலுக்கு வால் வச்சதே 1995 யூலை மாசம், ஜெர்மனியில. அந்த ஃபைல் போட்ட சீடிய வாசிக்கிற கையடக்கப் பிளேயர் சந்தைக்கு வந்தது 2000ஆம் ஆண்டளவில. அப்பாட பிளேயர் 98. அந்த மனிசன் மேல குற்றமில்ல.

டிவிடி பிளேயருக்கு அந்த மூளை இருக்கு, அதால பாடுது.

எங்கட கடைக்கு வாற ஆக்களுக்கு நான் இப்படித்தான் சொல்ற. பாட்டுச் சீடி பால். எம்பி3 பால்மா. பால கோப்பையில ஊத்தினாக் காணும். பால்மாக்கு கேத்தலும் சுடுதண்ணியும் வேணும். அப்பாட பிளேயர்ல கேத்தல் இல்ல.

காரைதீவு_டீச்சர் | சனி பகல் 3.02

மெக்கானிக் அவர்களே, நான் கணிதம் படிப்பிப்பவள், அதனால் ஒரு கணக்கு உதைக்கிறது.

நீங்கள் சொன்ன எண்களைப் பெருக்கினேன். 44,100 × 16 × 2 = செக்கனுக்கு 14,11,200 பிட். எட்டால் வகுத்தால் 1,76,400 பைட். 80 நிமிட சீடி என்றால் 4,800 செக்கன். மொத்தம் 84 கோடியே 67 இலட்சத்து 20 ஆயிரம் பைட். கணினி மெகாபைட்டில் 807 வருகிறது. ஆனால் என் கையில் இருக்கும் வெற்றுச் சீடியின் முகத்தில் "80 நிமிடம், 700 மெகாபைட்" என்று ஒன்றாகவே அச்சடித்திருக்கிறார்கள். மீதி 107 மெகாபைட் எங்கே போகிறது?

சுருதி_சுத்தம் | சனி மாலை 4.48

டீச்சர், உங்கட கணக்கு சரி. சீடி வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் இந்தக் கேள்வி வரணும், ஒருத்தரும் கேக்கிறதில்ல.

சீடியில ஒரு செக்கன் 75 துண்டா வெட்டியிருக்கும். 80 நிமிசத்துக்கு 3,60,000 துண்டு. பாட்டா எழுதினா ஒவ்வொரு துண்டிலயும் 2,352 பைட்டும் சத்தத்துக்குத்தான். ஃபைலா எழுதினா 2,048 மட்டும்தான் உங்களுக்கு. மிச்சம் 304 பைட்ட துண்டுட அடையாளத்துக்கும், பிழை வந்தாத் திருத்திறதுக்கும் ஒதுக்கி வைப்பாங்க. 3,60,000 துண்ட 2,048ஆல பெருக்கிப் பாருங்க, 703 மெகாபைட் வரும்.

ஏன் ஃபைலுக்கு மட்டும் இந்தக் காவல் எண்டா, பாட்டுல ஒரு எண் பிழைச்சாலும் பிளேயர் முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற எண்ணப் பார்த்து நடுவில ஒண்ட ஊகிச்சுப் போடும், காதுக்குத் தெரியாது. கணக்கு ஃபைல்லயோ கடிதத்திலயோ அப்படி ஊகிக்கேலாது. 5,000 ரூபாய்க்கும் 9,000 ரூபாய்க்கும் நடுவில 7,000 எண்டு போட்டா அடிதான் விழும்.

இதுலயே இன்னொரு கணக்கு இருக்கு. திருத்தவே ஏலாத அளவுக்கு ஒரு துண்டு கெட்டுப்போச்செண்டு வைங்க. பாட்டுச் சீடியில போறது செக்கன்ல 75ல ஒரு பங்கு, கண் சிமிட்டுற நேரம்கூட இல்ல. செக்கனுக்கு 128 கிலோபிட்ல சுருக்கின எம்பி3யில அதே ஒரு துண்டுக்குள்ள கிட்டத்தட்ட 0.13 செக்கன் பாட்டு அடங்கியிருக்கு. பத்து மடங்கு. மத்தளத்தில ஒரு அடி முழுசாக் காணாமப் போகும். கீறல் ஒண்டுதான், சேதம் பத்து. சுருக்கிறதுக்கு நாம குடுக்கிற விலை அது.

எண்டபடியாத்தான் நான் எம்பி3 பக்கமே போறதில்ல. சங்கீதத்த சாகடிச்ச சாமான்.

அக்கரை_காக்கா | சனி இரவு 7.55

அஸ்ஸலாமு அலைக்கும். சுருதித் தம்பி, கோவிக்காதீங்க, நீங்க அக்கரைப்பற்றுல இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ல போனீங்களா ஒருக்கா? சீடி பிளேயர மடியில வச்சுக்கிட்டு?

நான் 2004, 2005ல கிழமைக்கு ஒருக்கா போய் வந்த. முதல்ல பாட்டுச் சீடி வாசிக்கிற பிளேயர். பள்ளத்தில பஸ் விழுந்தா பாட்டும் விழும். அதுல 10, 40 எண்டு ஒரு பொத்தான் இருந்திச்சு. 40ல போட்டா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். மறுகா மச்சான் துபாய்ல இருந்து எம்பி3 வாசிக்கிற ஒண்டு அனுப்பினாரு. அதுக்குப் பிறகு எந்தப் பள்ளத்திலயும் நிக்கல்ல. ஒரே சீடியில வாப்பாக்கு பயான் 40 மணித்தியாலத்துக்கு மேல. வெறும் பேச்சுத்தானே, ஒத்தைச் சனல்ல 32ல சுருக்கினாலும் மௌலவிட தொண்டை தெளிவாக் கேட்கும். பற்றரியும் கூட நாள் வந்திச்சு.

ஏன் எம்பி3 பிளேயர் குலுங்கினாலும் நிக்கல்ல எண்டு மெக்கானிக் அண்ணன் சொல்லுங்க, அண்டைக்கே விளங்காத விசயம்.

கல்முனை_மெக்கானிக் | சனி இரவு 9.10

காக்கா, பிளேயர் ஒரு கைமிச்சம் வச்சிருக்கும். வாசிச்ச உடனே பாடாம, கொஞ்சத்த முன்கூட்டியே வாசிச்சு ஒரு மெமரியில போட்டுட்டு, அதுல இருந்து எடுத்துப் பாடும். குலுங்கி லென்ஸ் வழி தவறினா, திரும்ப வழி பிடிக்கிற வரைக்கும் மெமரியில இருக்கிறதுதான் உங்கட காதுக்குப் போகும்.

2 மெகாபைட் மெமரி எண்டு வைங்க. பாட்டுச் சீடியில அது 12 செக்கன்ல தீர்ந்திரும். 128 எம்பி3 எண்டா அதே மெமரியில 2 நிமிசத்துக்கு மேல கிடக்கும். 2 நிமிசத்துக்கு நிற்காமக் குலுங்கிற றோட்டு அப்ப இருந்திச்சு எண்டாலும், லென்ஸுக்கு இடையில ஒரு நொடி கிடைச்சாக் காணும். மெமரி நிறைஞ்சா மோட்டர் சும்மா நிண்டிரும், அதுதான் பற்றரி மிச்சம். பாட்டுச் சீடியில மோட்டருக்கு ஓய்வே இல்ல. உள்ளுக்கு வாசிக்கக்குள்ள நிமிசத்துக்கு 500 சுத்து, விளிம்புக்கு வரக்குள்ள 200.

இப்ப சுருதித் தம்பிக்கு ஒரு பகிடி. அந்த 10, 40 பொத்தான். அதே மெமரியில 10 எப்படி 40 ஆகும்? சில பிளேயர்ல 40ல போட்டா பிளேயரே பாட்டச் சுருக்கித்தான் மெமரியில போடும். பஸ்ல இருந்துக்கிட்டு "நான் சுத்தமான சீடி கேக்கிறன்" எண்டு சொன்ன எத்தனை பேர் சுருக்கினதத்தான் கேட்டாங்க எண்டு எனக்குத் தெரியும்.

சுருதி_சுத்தம் | சனி இரவு 9.40

நான் 10லதான் வச்சிருந்தன்.

கல்லடிப்_பாலம் | சனி இரவு 10.22

😄😄

சரி, பற்பசைக்கு மன்னிப்பு. ஆனா சத்தத்தப் பற்றி நானும் ஒரு கதை சொல்லலாம், ஏனெண்டா நான் இதச் சோதிச்சுப் பார்த்தவன்.

தங்கச்சிட பிள்ளைட கூத்து அரங்கேற்றத்த நல்ல ரெக்கோடர்ல சுருக்காமப் பதிஞ்சன். அத 128, 192, 320 எண்டு மூணு எம்பி3 ஆக்கி, தங்கச்சிட்டக் குடுத்து, பேர் தெரியாம ஒவ்வொண்டாப் போடச் சொன்னன். அண்ணாவியார் பாட்டும் மத்தளமும் மட்டும் வாற இடத்தில எனக்கு ஒண்டும் பிடிபடல்ல, 128உம் ஒண்டுதான் மூலமும் ஒண்டுதான். சல்லரி (கைத்தாளம்) சேர்ந்த உடனே 128 அம்பிட்டிட்டு. சல்லரிட "ஜிங்" எண்ட வால், "ஜிஷ்ஷ்" எண்டு தண்ணி தெளிச்ச மாதிரி வந்திச்சு. 192ல நான் 10 தரத்தில 5 தரம் பிழையாச் சொன்னன். காசு சுண்டின மாதிரித்தான். 320 பற்றிக் கேக்காதீங்க, தங்கச்சி சிரிச்சா.

அதே நேரம், பௌர்ணமி இரவில மட்டக்களப்பு வாவியில தோணியில போய் கல்லடிப் பாலத்துக்குக் கீழ துடுப்பக் காதில வச்சு மீன் பாட்டு கேட்டிருக்கிறீங்களா? அத ரெக்கோட் பண்ணி 64ல சுருக்கினன். மீனையும் காணல்ல பாட்டையும் காணல்ல, சோடாப் போத்தல் திறந்த சத்தம்தான் மிச்சம்.

கல்முனை_மெக்கானிக் | சனி இரவு 11.02

அதுக்குக் காரணம் இருக்கு. எம்பி3 கண்டபடி வெட்டுறதில்ல. மத்தளத்தில ஓங்கி அடிச்ச அந்தக் கணம் பக்கத்தில மெல்லிசா வாற சத்தம் மனிசக் காதுக்கு விழாது. விழாததுக்கு ஏன் இடம் எண்டு அதப் பறிச்சிரும். குரலுக்கும் மத்தளத்துக்கும் இந்தக் கெட்டித்தனம் நல்லா வேலை செய்யும். சல்லரி, கைதட்டு, மழை, தண்ணி ஓடுற சத்தம் இதெல்லாம் இரைச்சல் சாதி. ஒழுங்கு கிடையாது, ஒண்ட ஒண்டு மறைக்கிறதும் குறைவு, சுருக்க இடமில்ல. பிட் போதாமப் போய்க் குளறும். உங்கட மீன் தண்ணிக்குள்ள மெல்லப் பாடுது, மேல தண்ணி இரைச்சல். எம்பி3க்கு அதவிட மோசமான கச்சேரி கிடையாது.

படுவான்கரைப்_பெடியன் | ஞாயிறு காலை 7.30

நல்லா விளங்குது. இப்ப என்ட கேள்வி: மாமாட எம்பி3ய பாட்டுச் சீடியா மாத்தி எழுதினா சத்தம் கூடுமா? அதாவது பழைய கசெட் மாதிரி வருமா? இன்னொண்டு, டிவிடி பிளேயர்ல போடக்குள்ள கதை மாறி மாறி வருது. அபிமன்யு செத்து ஒப்பாரியும் முடிஞ்ச பிறகு எழும்பி வந்து தாய்க்கிட்ட விடை கேக்கிறான். அம்மா "உங்கட மாமா இப்படி ஆடல்லியே" எண்டு சண்டை.

காரைதீவு_டீச்சர் | ஞாயிறு காலை 8.14

அபிமன்யுவின் விஷயம் எனக்குத் தெரியும்! ஃபைலின் பெயரில் 1, 2, 3 என்று மட்டும் போட்டிருப்பார்கள். இயந்திரம் அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கும். 1க்கு அடுத்து 10, 11, 12 என்று 19 வரை ஓடி, அதன் பிறகுதான் 2 வரும். 01, 02 என்று பூச்சியம் சேர்த்தால் சரியாகிவிடும். பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். எங்கள் பாடசாலைச் சீடியில் பாமினி எழுத்துருவில் தமிழ்ப் பெயர் அடித்து வைத்தோம், பிளேயரின் சின்னத் திரையில் பூச்சி ஊர்ந்தது.

சுருதி_சுத்தம் | ஞாயிறு காலை 9.00

சத்தம் கூடாது. பறிச்சது பறிச்சதுதான். 200 மெகாபைட் 2,200 ஆகும், ஆனா கூடின 2,000த்தில புதுசா ஒண்டும் இருக்காது.

அதே நேரம் நியாயமாச் சொல்லணும்: குறையவும் குறையாது. எம்பி3ய விரிச்சு பாட்டா எழுதிறதில இழப்பு இல்ல. இழப்பு வாறது அத மறுகா ஒருக்கா எம்பி3 ஆக்கக்குள்ள. அதால இந்தப் புதுச் சீடியில இருந்து பிற்காலத்தில எவனும் திரும்பச் சுருக்காமப் பார்த்துக்கங்க. 38 மூல ஃபைலையும் அப்படியே ரெண்டு இடத்தில வைங்க.

கல்முனை_மெக்கானிக் | ஞாயிறு காலை 9.25

சுருதித் தம்பி சொன்னதுதான். பால்மா கரைச்சு தேத்தண்ணி ஊத்தினா ஒருத்தருக்கும் தெரியாது. அதுல தயிர் தோய்ச்சுப் பாருங்க, சட்டியில தெரியும்.

செய்யிற விதம்:

சீடி எழுதிற மென்பொருள்ல, நீரோவோ வேற எதுவோ, "ஓடியோ சீடி" எண்டு இருக்கிறதத் தெரிவு செய்யணும். "டேட்டா" எண்டு இருந்தா வேணாம். அந்த ஒரு சொல் மாறினா திரும்ப இதே திண்ணைக்கு வந்திருவீங்க. 3 மணித்தியாலம் 40 நிமிசம் எண்டா 220 நிமிசம், 80 நிமிசச் சீடி 3 வேணும். நிமிசம் பார்த்து வெட்டாதீங்க, கதை நிற்கிற இடத்தில வெட்டுங்க. மென்பொருள் பாட்டுக்குப் பாட்டு 2 செக்கன் இடைவெளி போடும். கூத்துக்கு அது வேணாம், பூச்சியம் ஆக்கிட்டு "ஒரே தரத்தில எழுது" எண்ட வழியில எழுதுங்க.

ஒருக்கா மட்டும் எழுதிற சீடி வாங்குங்க. அழிச்சு எழுதிற சீடி கண்ணாடி மாதிரித் திருப்பி வெளிச்சம் அடிக்காது, 98 பிளேயருக்கு அது இருட்டு. வேகம் 52 எண்டு மென்பொருள் ஆசை காட்டும், 8ஓ 16ஓ போதும். எழுதி முடிய சீடிய மூடணும் (ஃபைனலைஸ் எண்டு கேக்கும், ஓம் எண்டுங்க). மூடாத சீடிய பழைய பிளேயர் மதிக்காது.

மறுகா முக்கியமானது. பேர் எழுத பேனை வேணாம். எல்லாரும் அடிப்பக்கத்தத்தான் பாதுகாக்கிறம். உண்மையில கீழ 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் இருக்கு, மேல பேர் எழுதிற பக்கத்தில மெல்லிய பூச்சு மட்டும்தான். எழுத்து கிடக்கிறது அந்தப் பூச்சுக்கு உடனே கீழ. மேல குத்தினா நேர நெஞ்சில. மெல்லிய மார்க்கரால நடு ஓட்டையச் சுத்தி எழுதுங்க. ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க, நம்மட வெக்கைக்கும் உப்புக் காத்துக்கும் ஒரு ஓரம் கிளம்பினா பிளேயருக்குள்ள சீடி தள்ளாடும்.

வாழைச்சேனை_மகள் | ஞாயிறு பகல் 12.40

மெக்கானிக் அண்ணா, இத வாசிச்ச பிறகுதான் என்ட தலைவிதி எனக்கு விளங்குது.

எங்கட கலியாணத்துக்கு மேளக் கச்சேரி வச்சம், அத நல்லாப் பதிஞ்சு பாட்டுச் சீடியாத் தந்தவங்க. போன வருசம் அத பென்டிரைவ்ல ஏத்தித் தரச் சொல்லி ஒரு கடையில குடுத்தன். 500 ரூபாய். பென்டிரைவ்ல 12 ஃபைல் இருந்திச்சு, சந்தோசமா வந்திட்டன். வீட்ட வந்து போட்டா ஒண்டும் பாடல்ல. ஒவ்வொரு ஃபைலும் 1 கிலோபைட் எண்டு காட்டுது. திரும்பப் போய்க் கேட்டா "உங்கட சீடி கீறல், அதான்" எண்டு சொல்லி அனுப்பிட்டாங்க. நானும் கீறல்தானாக்கும் எண்டு விட்டுட்டன்.

கல்முனை_மெக்கானிக் | ஞாயிறு பகல் 1.05

தங்கச்சி, வாலில சிடிஏ எண்டு இருந்திச்சா?

வாழைச்சேனை_மகள் | ஞாயிறு பகல் 1.07

ஓம் அண்ணா!! அதேதான்.

கல்முனை_மெக்கானிக் | ஞாயிறு பகல் 1.30

அது பாட்டே இல்ல. முதல்ல சொன்னேனே, பாட்டுச் சீடியில ஃபைல் இல்ல எண்டு. கொம்பியூட்டருக்கு ஃபைல் இல்லாம ஒண்டையும் காட்டத் தெரியாது. அதால ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்ட அதுவா எழுதிக் காட்டும். 44 பைட். "இந்தப் பாட்டு இந்தச் சீடியில இந்த இடத்தில தொடங்குது" எண்டு மட்டும்தான் அதுல இருக்கும். கடைக்காரர் வீட்டத் தூக்கி வரச் சொன்னதுக்கு விலாசத்த எழுதிக்கிட்டு வந்திருக்கிறார்.

சீடி உங்கட கையில இருக்குதானே? அப்ப ஒண்டும் போகல்ல. இழுத்துப் போடாம, "ரிப்" பண்ணணும், அதாவது சீடியில இருக்கிற சத்தத்தையே வாசிச்சு ஃபைலாக்கணும். விண்டோஸ் மீடியா பிளேயர்லயே அந்தப் பொத்தான் இருக்கு. மேளமும் தாளமும் எண்டபடியா சுருக்காம எடுங்க, வேவ் எண்டோ ஃபிளாக் எண்டோ. ஃபிளாக்கும் சுருக்கும், ஆனா ஒரு பிட்டும் பறிக்காது, பாதி அளவுக்கு வரும். போன்ல கேக்க வேற ஒரு எம்பி3 பிரதி செய்யுங்க.

வாழைச்சேனை_மகள் | ஞாயிறு பகல் 1.36

சீடி இருக்கு. சாறிப் பெட்டிக்குள்ள. இப்பவே எடுக்கிறன்.

கல்லடிப்_பாலம் | ஞாயிறு மாலை 5.15

ரெண்டு இடத்தில வைங்க எண்டு சுருதி சொன்னத மேலோட்டமா வாசிச்சிட்டுப் போகாதீங்க. ஒரே வீட்டுல ரெண்டு பெட்டி எண்டா அது ஒரு இடம்தான். 26.12.2004 சுனாமிக்கு முதல் எங்கட வீட்டுல கசெட் மட்டும் மூணு பெட்டி. அம்மம்மாட குளிர்த்திப் பாட்டும் அதுக்குள்ள. அண்டைக்குப் பிறகு ஒண்டும் இல்ல. அக்கா ஒரு பிரதி செங்கலடியில மாமி வீட்ட விட்டிருந்தா, அந்த ஒரு கசெட்தான் இண்டைக்கும் பாடுது.

அக்கரை_காக்கா | ஞாயிறு மாலை 5.50

அல்லாஹ் பொருத்தம் தரட்டும் தம்பி. எங்களுக்கும் அப்படித்தான்.

படுவான்கரைப்_பெடியன் | செவ்வாய் இரவு 9.48

வேலை முடிஞ்சு. முழுக்கதையும் சொல்றன்.

முதல் சீடிய மருமகன் "டேட்டா"ல எழுதிட்டான். ("மெக்கானிக் மாமா சொன்னத நான் வாசிச்சனான்" எண்டு சத்தியம் பண்றான்.) "நோ டிஸ்க்". ரெண்டாவது தரம் நானே பக்கத்தில இருந்து எழுதினன். எழுதி முடிய லைட்டுக்கு நேர பிடிச்சுப் பார்த்தம், நிறம் விளிம்பு வரைக்கும் போயிருக்கு. முதல்ல ஒரு விரல் அகலத்துக்குள்ள கிடந்த முழுக் கூத்துல மூணுல ஒரு பங்குக்கு ஒரு முழுச் சீடி! டீச்சர்ட கணக்கு கண்ணால தெரிஞ்சுது.

பிளேயர் ரெண்டு சுத்து சுத்திச்சு, திரையில "13" எண்டு வந்திச்சு. 13 பாட்டு. அம்மாட காதில மாட்டினன். ஒரு நிமிசம் ஒண்டும் சொல்லல்ல. மறுகா கை தன்பாட்டில தொடையில தாளம் போடத் தொடங்கிச்சு. மூணாவது பாட்டுல திடீரெண்டு ஹெட்போனக் கழட்டிப்போட்டு "டேய், இதுல ரெண்டடி விட்டுப் போட்டான்" எண்டா. நான் சீடி கீறல் எண்டு நினைச்சு எடுத்துப் பார்த்தன். ஒண்டுமில்ல. எம்பி3லயும் அதே இடத்தில தாவுது. டிவிடி பிளேயர்ல இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் தெரியல்ல.

அந்த ரெண்டடியையும் அம்மா அப்படியே பாடிக் காட்டினா. மருமகன் போன்ல பதிஞ்சு வச்சிருக்கான்.

சுருதி_சுத்தம் | செவ்வாய் இரவு 10.05

அது கசெட் பக்கம் மாறின இடம். முதல் பக்கம் முடிஞ்சு, திருப்பிப் போடுற நேரத்துக்குள்ள ரெண்டடி பாடி முடிச்சிருப்பார். அதுக்கு எந்த வட்டும் ஒண்டும் செய்யேலாது. மருமகன்ட பதிவ சுருக்காம வைக்கச் சொல்லுங்க.

அது கிடக்க, அந்த நாலு கசெட்டும் இப்ப எங்க? 2003ல 128ல சுருக்கினதவிட இப்ப நேர கசெட்ல இருந்து எடுத்தா சல்லரி திரும்பக் கிடைக்கலாம்.

படுவான்கரைப்_பெடியன் | செவ்வாய் இரவு 10.31

பிஸ்கட் தகரத்துக்குள்ள கிடக்கு, இப்பதான் திறந்து பார்த்தன். மூணு நல்லாத்தான் தெரியுது. நாலாவதுல நாடாவில வெள்ளையா மா தூவின மாதிரி. மருமகன் ரேப் ரெக்கோடர்ல போட்டுப் பார்ப்பமா எண்டு கேக்கிறான்.

கல்முனை_மெக்கானிக் | செவ்வாய் இரவு 10.33

போடாதீங்க! அது பூஞ்சை. ஓட்டினா நாடாவும் போகும், ரேப்புட ஹெட்டும் போகும், மற்ற மூணுக்கும் தொத்தும். அந்த ஒண்ட மட்டும் தனியா கடதாசியில சுத்தி, பொலித்தீன்ல போடாம வைங்க. புதன் வியாழன் நான் ஊர்ல இல்ல. வெள்ளி பின்னேரம் கொண்டு வாங்க தம்பி, பார்ப்பம்.